கருத்துக் கேட்புக் கூட்டத்துக்காகக் காத்திருக்காதீர்கள்

கேள்வி இது: "பெங்களூருவின் கிழக்குப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டிய குடியிருப்பில் இருக்கிறோம். பக்கத்தில் 5 ஏக்கர் காலி நிலத்தில் 400 வீடுகளுடன் ஓர் அடுக்குமாடி வரப்போகிறதாம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளிவரும், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைப்பார்கள், அப்போது நம் ஆட்சேபணையைச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் எங்கள் சங்கச் செயலாளர். அதுவரை பொறுத்திருக்கலாமா?"

பொறுத்திருக்க வேண்டாம். உங்கள் விஷயத்தில் அந்தக் கூட்டம் நடக்கப்போவதே இல்லை. நீங்கள் நினைக்கிற அந்தத் தடிமனான அறிக்கையும் அநேகமாக வராது. செயலாளர் மேல் தப்பில்லை. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர் மேடையில் உட்கார்ந்திருக்க, ஊர்க்காரர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு காரசாரமாகப் பேசுவதை டிவியில் பார்த்தவர்கள் எல்லோரும் எந்தத் திட்டமாக இருந்தாலும் நடைமுறை அதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சுரங்கம், அனல்மின் நிலையம், ரசாயன ஆலை மாதிரியான திட்டங்களுக்கு உரியது. கட்டடங்களுக்கு வேறு பாதை.

இந்தத் துறையில் கன்சல்டன்ட்களோடு சேர்ந்து வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எந்தத் திட்டத்துக்கும் தலைவிதி எழுதப்படுவது முதல் இரண்டு படிகளில்தான். முதல் படி, இந்தத் திட்டத்துக்கு ஆய்வு வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த அளவுக்கு என்று வடிகட்டுவது. இரண்டாவது, எதையெதை ஆராய வேண்டும் என்று வரையறுப்பது. ஆங்கிலத்தில் ஸ்கிரீனிங், ஸ்கோப்பிங் என்பார்கள். இங்கே கேட்கப்படாத கேள்விக்கு அறிக்கையில் பதில் இருக்காது. அறிக்கை வந்தபின் "ஏரியைப் பற்றி எதுவுமே சொல்லவில்லையே" என்று கத்தினால், "அது எங்களிடம் கேட்கப்படவில்லை" என்று நிதானமாகப் பதில் வரும்.

சட்டப் பின்னணி சுருக்கமாக. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1994 ஜனவரியில் முதல் அறிவிக்கை வந்தது. அதை மாற்றி 2006 செப்டம்பர் 14இல் வந்த அறிவிக்கைதான், எத்தனையோ திருத்தங்களோடு, இன்றும் நடப்பில் இருக்கிறது. வடிகட்டல், வரையறுத்தல், மக்கள் கருத்து, மதிப்பாய்வு என நான்கு படிகள். ஏ பிரிவுத் திட்டங்கள் டெல்லியில் மத்திய அமைச்சகத்துக்குப் போகும். பி பிரிவு, மாநில அளவிலான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு. அதற்கு ஆலோசனை சொல்ல ஒரு நிபுணர் குழு. பி பிரிவுக்குள்ளேயே பி1, பி2 என்று இரண்டு. பி2 என்று முத்திரை விழுந்தால் விரிவான ஆய்வு கிடையாது.

எந்தெந்தத் திட்டங்களுக்கு அனுமதி வேண்டும் என்று அறிவிக்கையோடு ஒரு பட்டியல் இருக்கிறது. கட்டடங்கள் அதில் 8ஆம் இனம். 20,000 சதுர மீட்டருக்குக் குறைவாகக் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை. 20,000 முதல் 1,50,000 வரை 8(அ). அதற்கு மேல், அல்லது 50 ஹெக்டேருக்கு மேல் போனால் 8(ஆ). 8(ஆ) என்றால் எதையெதை ஆராய வேண்டும் என்று எழுதிய ஆய்வு வரம்பு கொடுத்து, முழு அறிக்கை கேட்பார்கள். 8(அ)வுக்கு வரையறுத்தல் படி இல்லை. விண்ணப்பப் படிவம், அதன் துணைப் படிவம், கட்டட வரைவுத் திட்டம் இவற்றை வைத்தே முடிவெடுத்துவிடுவார்கள். மக்கள் கருத்துக் கேட்பு இரண்டுக்குமே கிடையாது.

உங்கள் பக்கத்து மனை எதில் வரும்? 20,000 சதுர மீட்டர் என்பது சுமார் 2.15 லட்சம் சதுர அடி. 400 வீடுகள், பார்க்கிங், கிளப் ஹவுஸ் எல்லாம் சேர்த்தால் 6, 7 லட்சம் சதுர அடி வரும். அதாவது 60,000 சதுர மீட்டரைச் சுற்றி. ஆக 8(அ).

இங்கே ஒரு தில்லுமுல்லு நடப்பதுண்டு, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எல்லா மாடிகளும், அடித்தளங்களும், ஜெனரேட்டர் அறை போன்ற சேவைப் பகுதிகளும் சேர்ந்ததுதான் கட்டுமானப் பரப்பு என்று 2011 திருத்தம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் பில்டர் பிரசுரத்தில் விற்கும் பரப்பு மட்டும் இருக்கும். நகரத் திட்ட அனுமதியில் எஃப்.ஏ.ஆர். கணக்கு, அதாவது நிலப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற கணக்கு இருக்கும். அதில் பார்க்கிங் சேராது. 19,500, 19,800 என்று 20,000க்கு ஒரு முடி தள்ளி நிற்கிற எண்ணைப் பார்த்தால் முதலில் அடித்தளத்தைக் கூட்டிப் பாருங்கள். இன்னொன்று, ஒரே நிலத்தை முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று பிரித்து, இரண்டு கம்பெனிப் பெயரில் தனித்தனியாக விண்ணப்பிப்பது. நுழைவாயில் ஒன்று, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று, நீச்சல் குளம் ஒன்று என்றால் அது ஒரே திட்டம்தான். இதை எழுத்தில் சுட்டிக்காட்டினால் நிபுணர் குழு கவனிக்கும், சுட்டிக்காட்ட ஆள் இருந்தால்.

பட்டியலிலேயே இல்லாதவையும் உண்டு. பெங்களூருவின் 'நம்ம மெட்ரோ' ரயிலைப் பாருங்கள். நகரத்தையே புரட்டிப்போட்ட திட்டம், ஆனால் ரயில் திட்டங்கள் 2006 பட்டியலில் கிடையாது. மெட்ரோவுக்கும் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள் இருக்கின்றன, கடன் கொடுக்கும் சர்வதேச வங்கிகள் கேட்பதால். 2016இல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை எஃகு மேம்பாலம் என்று கிளம்பியபோதும், இதற்கு அனுமதி தேவையா இல்லையா என்பதே வழக்காகி, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2017 மார்ச்சில் அரசே கைவிட்டது. வடிகட்டல் என்பது ஏதோ குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்களுக்கு அந்தச் சண்டை ஞாபகம் இருக்கட்டும்.

சரி, 8(அ) என்றால் படிவம்தான் எல்லாம். அந்தப் படிவத்தை எப்படிப் படிப்பது?

விண்ணப்பம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஏற்றப்படும். 2018இல் வந்த தளம், இப்போது இரண்டாம் வடிவத்தில் படிவங்களின் அமைப்பு கொஞ்சம் மாறியிருக்கிறது. கேள்விகள் ஏறக்குறைய அவையேதான். மாநிலம், மாவட்டம், திட்ட வகை கொடுத்துத் தேடலாம். பில்டரின் பிராண்ட் பெயரில் தேடினால் பல சமயம் கிடைக்காது. விண்ணப்பம் நிலத்துக்கென்று தொடங்கிய வேறொரு கம்பெனியின் பெயரில் இருக்கும். கிராமப் பெயர், சர்வே நம்பர் வைத்துத் தேடுங்கள். சர்வே நம்பர் தெரியவில்லையா? கர்நாடக அரசின் திஷாங்க் ஆப்பைத் திறந்து அந்தக் காலி மனையில் நின்றாலே காட்டிவிடும்.

சர்வே நம்பர் கிடைத்ததும் பழைய கிராம வரைபடத்தை எடுங்கள். நான் எந்தத் திட்டத்திலும் முதலில் பார்ப்பது அதைத்தான். பில்டர் கொடுக்கும் வரைபடத்தில் ராஜகாலுவே, அதாவது மழைநீர் ஓடும் பெரிய வாய்க்கால், ஒரு மெல்லிய கோடாக எல்லை ஓரம் ஒதுங்கி நிற்கும். கிராம வரைபடத்தில் அதே வாய்க்கால் நிலத்தின் நடுவே போகும். பஹணி என்கிற நில உரிமைப் பதிவேட்டில் 'பி கராப்' என்று சில குண்டே (40 குண்டே ஓர் ஏக்கர்) குறித்திருந்தால் அது பொதுப் பயன்பாட்டு நிலம், வாய்க்காலோ வண்டிப்பாதையோ. அதைச் சொந்த நிலம்போலக் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். இன்று மண் மூடிப்போன வாய்க்காலாக இருந்தாலும், பெரிய மழையில் தண்ணீர் பழைய வழியைத் தேடிக்கொண்டுதான் வரும். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் வில்லாக்களுக்குள் படகும் டிராக்டரும் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

ஏரியிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கட்டலாம் என்பதில் குழப்பம் நிறைய. பெங்களூருவின் நகர வளர்ச்சித் திட்டமான மாஸ்டர் பிளான் 2015 ஏரிக்கு 30 மீட்டர் என்றது. அகரா, பெல்லந்தூர் ஏரிகளுக்கு நடுவே வந்த பெருங்கட்டுமானங்கள் மேலான வழக்கில், 2016 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயம் அதை நகரம் முழுவதற்கும் 75 மீட்டராக்கியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மாஸ்டர் பிளானைத் தீர்ப்பாயம் மாற்ற முடியாது என்று அதை ரத்து செய்தது. ஆகவே "75 மீட்டர் விதி இருக்கே" என்று மனுவில் எழுதிவிடாதீர்கள், மொத்த மனுவையும் ஓரங்கட்டிவிடுவார்கள். மாநில அரசு அந்த 30 மீட்டரிலும் கைவைத்துக்கொண்டிருக்கிறது, மனு எழுதும் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. எல்லோரும் தாண்டிப்போகும் இந்த அட்டவணையில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 400 வீடு, வீட்டுக்கு 5 பேர் என்று 2,000 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான அளவு. மொத்தம் 2.7 லட்சம் லிட்டர். இதில் கழிவறைக்கு ஆளுக்கு 45 லிட்டர், சுத்திகரித்த நீரே போதும். அது 90,000. மீதி 1.8 லட்சம் நல்ல தண்ணீர். எங்கிருந்து? 'காவிரி' என்று எழுதியிருப்பார்கள். குடிநீர் வாரியம் கொடுத்த கடிதத்தைத் திறந்து பாருங்கள். 'எதிர்காலத்தில், இருப்பைப் பொறுத்து வழங்கப்படும்' என்கிற ரீதியில் இருந்தால், அந்த 1.8 லட்சமும் போர்வெல், டேங்கர் என்று அர்த்தம். உங்கள் போர்வெல்லும் அதே நிலத்தடி நீரைத்தான் நம்பியிருக்கிறது.

இப்போது வெளியே போகும் தண்ணீர். 2.7 லட்சத்தில் 85 சதவீதம் கழிவுநீர் என்றால் சுமார் 2.3 லட்சம். சுத்திகரித்தபின் 2.2 லட்சம் கைக்கு வரும். கழிவறைக்கு 90,000, செடிகளுக்கு ஒரு 20,000. மிச்சம் 1.1 லட்சம் எங்கே போகும்? மழை நாளில் செடிக்கும் தேவையில்லை, அப்போது 1.3 லட்சம். 12,000 லிட்டர் டேங்கர் கணக்கில் தினம் 11 லோடு. படிவத்தில் 'சாலையோர மரங்களுக்கு' என்று இருக்கும். ஜூலை மழையில் சாலையோர மரத்துக்கு யார் 11 லோடு ஊற்றுவார்கள்? வாய்க்கால் வழியாக ஏரிக்குத்தான் போகும். சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடாத நாளில் எப்படிப்பட்ட தண்ணீர் போகும் என்பதற்குப் பெல்லந்தூரின் நுரையும் 2015, 2017, 2018 என்று அது தீப்பற்றியதும் சாட்சி.

மழைநீருக்கும் இதே கூட்டல் கழித்தல்தான். 5 ஏக்கரில் 100 மி.மீ. மழை பெய்தால் 20 லட்சம் லிட்டர். மண்ணாக இருந்தபோது ஒரு பகுதி உள்ளே இறங்கியது. கான்கிரீட் போட்டபின் தொட்டியும் உறிஞ்சு குழிகளும் எவ்வளவு தாங்கும், மீதி எந்த வாய்க்காலில், அந்த வாய்க்காலின் அகலம் இப்போது எவ்வளவு? அதேபோல அடித்தளம் தோண்டும் மண். 10,000 சதுர மீட்டர் பரப்பில் 8 மீட்டர் ஆழம் என்றால் 80,000 கன மீட்டர், டிப்பருக்கு 10 வீதம் 8,000 லோடு. 'மனைக்குள்ளேயே பயன்படுத்தப்படும்' என்று ஒரே வரியில் முடித்திருந்தால் நம்பாதீர்கள். எங்கே கொட்டுவார்கள் என்று கேளுங்கள். ஏரி ஓரத்தில் தோண்டும்போது ஊறும் நீரை எங்கே இறைப்பார்கள் என்றும்.

படிவத்தில் தப்பாகச் சொன்னால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு வழக்குகள். கோவாவின் மோபா விமான நிலையத்துக்கான விண்ணப்பத்தில், 15 கி.மீ. சுற்றளவுக்குள் இருந்த சூழல் உணர்திறன் பகுதிகளைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதியை நிறுத்திவைத்து நிபுணர் குழுவை மறுபடி பார்க்கச் சொன்னது. அடுத்த ஜனவரியில் நிபந்தனைகளோடு திட்டம் நகர்ந்தது என்பது வேறு விஷயம். ஆனால் எல்லாவற்றுக்கும் அடித்தளம் அந்த முதல் படிவம்தான் என்பது அன்று பதிவாகிவிட்டது.

இன்னொன்று நம்மூர்க் கதை, துமகூரு சாலையிலிருந்து ஓசூர் சாலை வரை சுமார் 65 கி.மீ. நீளத்துக்கு பெங்களூரு வளர்ச்சி ஆணையம் போட நினைத்த பெரிபெரல் ரிங் ரோடு. ஆய்வு வரம்பு 2009இல் வாங்கினார்கள். காற்று, நீர், மண் மாதிரிகள் அந்தக் குளிர்காலத்தில் எடுத்தவை. அனுமதி வந்ததோ 2014 நவம்பரில். இடையில் ஆய்வு வரம்பின் ஆயுளே முடிந்துபோயிருந்தது. வெட்ட வேண்டிய மரங்கள் ஓரிடத்தில் சில நூறு, இன்னோரிடத்தில் பதினாறாயிரத்துக்கும் மேல். வன நிலம் போகிறதா என்பதிலும் முன்னுக்குப்பின் முரண். வழியில் பெட்ரோலியக் குழாய் வேறு. 2020 மார்ச் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் புதிதாக ஆய்வு செய்யச் சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பைத் தேடி முழுதாகப் படியுங்கள். கோளாறு எல்லாமே ஆரம்பப் படிகளில் விழுந்தது என்பது தெரியும்.

காற்று, நீர், மண் மாதிரிகளை எடுக்கும் பருவம் பற்றி ஒரு வார்த்தை. முழு அறிக்கை தேவைப்படும் திட்டங்களில் பொதுவாக மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவு போதும் என்று வைத்திருக்கிறார்கள். பெங்களூரு ஏரிகளுக்கு இது பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். ஜனவரியில் வாய்க்கால் ஓரத்தில் நின்று அளந்தால் வெள்ளம் எப்படித் தெரியும்? இதை வரையறுக்கும் கட்டத்திலேயே, 'செப்டம்பர், அக்டோபர் நீரோட்டத்தையும் அளக்க வேண்டும்' என்று நிபந்தனையாக எழுதவைக்க முடியும். 60 நாளுக்குள் குழு ஆய்வு வரம்பைக் கொடுக்காவிட்டால் விண்ணப்பதாரர் தானே எழுதிக் கொடுத்த வரம்பே இறுதியாகிவிடும் என்றும் 2006 அறிவிக்கையில் இருக்கிறது. 2015க்குப் பிறகு துறைவாரியாக முன்கூட்டியே எழுதிவைத்த பொது வரம்புகள் வந்துவிட்டதால், உள்ளூர் விஷயத்தை யாராவது எடுத்துக்கொடுத்தால் ஒழிய சேலத்துக்கும் சர்ஜாபூருக்கும் ஒரே கேள்வித்தாள்தான். தவிர, அறிக்கை எழுதும் கன்சல்டன்ட்டுக்குச் சம்பளம் கொடுப்பவர் பில்டர். அங்கீகாரம், தரச்சான்று எல்லாம் இருந்தாலும் இந்த உறவு மாறவில்லை. கேட்காத கேள்வியைக் கன்சல்டன்ட்டே வலியப் போட்டு எழுதுவார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது.

நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருவோம். 8(அ)வில் பேச உங்களுக்கென்று மேடை இல்லை. ஆனால் நிபுணர் குழுவின் செயலருக்குக் கடிதம் எழுதுவதை யாரும் தடுக்கவில்லை. குழுக் கூட்டத்தின் பொருள்நிரல் முன்கூட்டியே இணையத்தில் வரும். உங்கள் விண்ணப்ப எண் அதில் வருவதற்கு முன்பே கடிதம் போய்விட வேண்டும். விதிப்படி குழுவுக்கு 60 நாள், அதன்மேல் ஆணையத்துக்கு 45 நாள். நடைமுறையில் ஒரே கூட்டத்தில் பரிந்துரை முடிந்துவிடுவதும் உண்டு. குழு கேட்ட விளக்கங்களும் பில்டர் தந்த பதில்களும் பரிவேஷ் தளத்தில் தெரியும், வாராவாரம் பாருங்கள். பழைய கூட்டக் குறிப்புகளையும் படியுங்கள். வாய்க்கால், கராப் நிலம் என்று தெளிவு வராமல் தள்ளிவைக்கப்பட்ட கோப்புகள் அவற்றில் கிடைக்கும். எந்தக் கேள்வி அந்த அறையில் எடுபடுகிறது என்பது பிடிபட்டுவிடும்.

கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். 'இயற்கை அழிகிறது, பறவைகள் எங்கே போகும்' என்று ஆரம்பித்தால் ஓரமாக வைத்துவிடுவார்கள். படிவத்தின் எந்தப் பக்கம், எந்த எண், அதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது, களத்தில் என்ன இருக்கிறது, அதற்குச் சான்று என்ன, இப்படி ஐந்தாறு விஷயம் போதும். கிராம வரைபடத்தின் மேல் திட்ட எல்லையைப் பொருத்திய ஒரு படம், 2022 வெள்ளத்தில் தேதியோடு எடுத்த போட்டோ, உங்கள் போர்வெல் ஆழக் கணக்கு. ஆங்கிலத்தில் எழுதி, கூடவே கன்னடப் பிரதி வையுங்கள். கன்னடம் எழுதத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரையும், ஏரிப் பாதுகாப்புக் குழு இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொண்டு கையெழுத்து வாங்குங்கள். வெளியூர்க்காரர்கள் சண்டை என்று யாரும் ஒதுக்க முடியாது. நகலை சர்ச் ஸ்ட்ரீட் பரிசர பவனில் இருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கொடுத்து, சீல் போட்ட ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, இன்றைக்கே ஆரம்பிக்கலாம். சுற்றுச்சூழல் அனுமதி வருவதற்கு முன் நிலத்தைப் பாதுகாக்க வேலி, காம்பவுண்ட், காவலாளிக்கு ஷெட் இவற்றைத் தாண்டி எதுவும் செய்யக்கூடாது. ஜேசிபி இறங்கித் தோண்டினாலோ மண்ணை நிரவினாலோ அது விதிமீறல். மாடியிலிருந்து வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று இடக்குறியீடும் தேதியும் தெரியும்படி போட்டோ எடுத்துவையுங்கள். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களையும் சேமித்துக்கொள்ளுங்கள். பின்னால் 'இங்கே வாய்க்காலே இல்லை' என்று சொன்னால் அப்போது உதவும்.

எல்லாம் மீறி அனுமதி வந்துவிட்டால், பில்டர் அதை ஏழு நாளுக்குள் இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்ய வேண்டும். மேல்முறையீடு பசுமைத் தீர்ப்பாயத்தில், 30 நாளுக்குள். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை நீட்டிக்கலாம், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வக்கீல் முதலில் கேட்கப்போவது, அனுமதிக்கு முன்பே இதையெல்லாம் எழுத்தில் சொன்னீர்களா, ஒப்புகை எங்கே என்பதுதான்.